ஐம்பத்தாறு வயசில் ஒரு ஜபலா

கைக்குழந்தைக்கு ஜபலா தைக்க அளவு எடுக்க வேண்டியதில்லை. கண் பார்த்துத் துணியை மடித்துப் போட்டு, கழுத்துக்கு ஒரு அரைவட்டம், கைக்கு இரண்டு வளைவு வெட்டி, பின்பக்கம் நாடா வைத்தால் முடிந்தது. முப்பது வருசமாகத் தைக்கிறேன். போன சித்திரையில் பேரனுக்கு ஆறு ஜபலா வெட்டி வைத்திருந்தேன். அவன் நாலு மாதக் குழந்தை, மதுரை வெயில், வேறு எதைப் போட்டாலும் வீறிடுவான். அந்த ஆறோடு ஏழாவதாக ஒன்றையும் வெட்ட வேண்டி வந்தது. அது எனக்கு, அக்கி வந்து எரிந்த உடம்புக்கு. மார்பளவு நாற்பது.

வீட்டு முன்னறையில்தான் கடை. இரண்டு மெஷின், துணி ஓரம் பிசிறாமல் அடிக்க ஒரு ஓவர்லாக். வைகாசி முகூர்த்தத்து ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்த நேரம். ஒரு மத்தியானம் இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்ளாடைப் பட்டை ஓடுகிற இடத்தில், இஸ்திரிப் பெட்டியை லேசாகத் தொட்டு எடுத்த மாதிரி ஒரு காந்தல். நாளெல்லாம் குனிந்து தைப்பவளுக்கு முதுகு வலி புதுசா என்ன? வாயுப் பிடிப்பு என்று விட்டுவிட்டேன். ராத்திரி வீட்டுக்காரர் தலைவலித் தைலத்தை எடுத்து நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். அவர் நல்ல எண்ணத்தில் தேய்த்தார். நான் விடியவிடியத் தூங்கவில்லை.

மறுநாள் வலி முன்பக்கம் வந்தது. இடது மார்புக்குக் கீழே ஊசியால் குத்திக் குத்தி எடுத்தது. இடது பக்கம், நெஞ்சு, ஏழு வருசச் சர்க்கரை, இந்த மூன்றும் சேர்ந்தால் யாருக்குத்தான் பயம் வராது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். வாயு மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும் கொடுத்து அனுப்பினார்கள். ஈசிஜி எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன், அது எடுக்க வேண்டியதுதான். ஆனால் ‘துணி பட்டாலே எரியுது டாக்டர்’ என்று நான் இரண்டு முறை சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வாயுவுக்குத் துணி பட்டால் எரியாது. அது எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி ஜாக்கெட்டைக் கழற்றும்போது முதுகில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, மேலே கடுகு மாதிரிப் பொரிப்பொரியாக. நான் வேர்க்குரு என்றேன். அத்தைக்கு எண்பத்திரண்டு வயசு, கண் ஆபரேஷன் ஆன கண். டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

“ஏத்தா, இது வேர்க்குரு இல்ல. அக்கி. காலையில விளாச்சேரிக்குப் போயி எழுதிட்டு வந்துருவோம்.”

அக்கிக்குக் காவியால் உடம்பில் உருவம் எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் பி.பார்ம் படித்தவள், பிரசவத்துக்கு வரும் வரை மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். “எழுதுறது அப்புறம். பொரி கிளம்பி எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். காலையில முதல் டோக்கன் தோல் டாக்டர்கிட்ட.”

இந்த ஒரு விசயத்துக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அக்கி வலிக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் பத்து நாள் கழித்து வந்து கேட்கிறார்கள். வீட்டில் செய்வதெல்லாம் வலியோடு குடித்தனம் நடத்துவதற்குத்தான். கிருமியை அடக்குவது மாத்திரை. அதற்கு நேரம் உண்டு. மூன்று நாள் தாண்டியிருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் இருக்காதீர்கள், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அப்போதும் கொடுப்பதுண்டு.

டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். சின்ன வயசில் அம்மை போட்டிருந்ததா, சர்க்கரை எவ்வளவு, கிட்னி எப்படி என்று மூன்றே கேள்வி. அன்றைய சர்க்கரை 240. கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார், அந்த மாத்திரை கிட்னி வழியாகத்தான் வெளியே போகிறது, கிட்னி சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டுமாம். எனக்கு அசைக்ளோவிர் 800, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். முப்பத்தைந்து மாத்திரை. காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து என்று சாக்பீஸால் கட்டிங் மேசை ஓரத்தில் எழுதி வைத்து, விழுங்க விழுங்க அடித்துக்கொண்டே வந்தேன். மூன்று வேளை போதும் என்கிற வேலசைக்ளோவிரும் இருக்கிறது. விலை கூடுதல். எனக்கு ஐந்து வேளை தொந்தரவாக இல்லை, எப்படியும் விழித்துக்கொண்டுதானே கிடந்தேன்.

அந்த மாத்திரைக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சிக்காரர்களில் கெர்ட்ரூட் எலியன் என்கிற அம்மா முக்கியமானவராம். பிஎச்.டி. முடிக்காமலே 1988இல் நோபல் பரிசு வாங்கியவர். ராத்திரி பத்து மணி மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது மகள் சொன்னாள். நான் பத்தாவதோடு நின்றவள். அதனால் அந்த அம்மா பெயரை மறக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, அம்மைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1978இல், ஒன்பது வயசில், திருமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் எனக்குச் சின்னம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிக்காமல், என்னை வெள்ளைச் சேலையில் படுக்கப் போட்டிருந்தார்கள். மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று கூழ் காய்ச்சி ஊற்றி, எல்லாம் முடிந்தது. முடியவில்லையாம். அதே கிருமி முதுகுத்தண்டு ஓரத்தில், நரம்பு முளைக்கிற முடிச்சு ஒன்றில் போய் ஒண்டிக்கொண்டு நாற்பத்தேழு வருசம் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. வயசாகி, உடம்பில் எதிர்ப்பு குறைந்ததும் ஏதோ ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த நரம்பு போகிற வழியெல்லாம் எரித்துக்கொண்டே தோலுக்கு வந்துவிட்டது. அக்கி என்ற சொல்லே அக்னியிலிருந்து வந்தது என்பார்கள். வைத்தவன் அனுபவித்துத்தான் வைத்திருப்பான்.

டாக்டரம்மா ஒரு படம் காட்டினார். மனுச உடம்பைக் கோடு கோடாகப் பிரித்து வரைந்திருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அது ஜாக்கெட் கட்டிங் மாதிரிதான். ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பட்டி. முதுகில் தண்டுவடத்தில் ஆரம்பித்து, அக்குள் பக்கமாகச் சுற்றி, முன்பக்கம் நடுக்கோட்டில் முடிகிறது. இடப்பக்க நரம்புக்கு இடப்பக்கப் பட்டிதான் சொந்தம். இதற்கு டாக்டர்கள் சொல்லும் ஸோஸ்டர் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் இடுப்புப் பட்டை என்றுதான் அர்த்தமாம். என் கொப்புளங்கள் கொக்கி வைக்கிற இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் வந்து கோடு போட்ட மாதிரி நின்றன. இரண்டு முனையும் சுற்றி வந்து சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று அத்தை தினமும் சாயங்காலம் வந்து அளந்து பார்ப்பார். சேராது அத்தை, அந்த நரம்பு அங்கேயே முடிந்துவிடுகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். “உனக்கு முடியுது, எல்லாத்துக்கும் முடியுமா?” என்றார்.

இப்போது துணிக்கு வருகிறேன். என் தொழில் அது.

முதல் வாரம் எதுவும் உடம்பில் படக் கூடாது. ‘தளர்வான பருத்தி உடை உடுத்துங்கள்’ என்று சொல்வார்கள். சொல்வது சுலபம். ஜாக்கெட் போட முடியாது, உள்பாடி போட முடியாது. நைட்டி தளர்வுதான், ஆனால் கடையில் வாங்கும் நைட்டியில் பக்கத் தையல் சரியாகக் கொப்புளத்தின் மேல் வரும், அதன் ஓவர்லாக் நூல் ரம்பம் மாதிரி அறுக்கும். புதுப் பருத்தித் துணியில் கஞ்சி இருக்கும், அதுவும் ஆகாது. ஜாக்கெட்டுக்கு எடுக்கும் டூ பை டூ துணி நைசு என்று நினைத்து ஒரு துண்டைச் சும்மா மேலே போட்டுப் பார்த்தேன், நெருப்பைப் போர்த்திய மாதிரி இருந்தது. கடைசியில் கை கொடுத்தது வீட்டுக்காரரின் பழைய எட்டு முழ வேட்டி. பதினைந்து வருசம் துவைத்துத் துவைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ஆள் தெரியும். கடையில் எந்த விலைக்கும் அப்படி ஒரு துணி கிடைக்காது.

அதை மகளைப் பிடிக்கச் சொல்லி வெட்டினேன். ஜபலா கணக்குதான். வலது தோளில் மட்டும் தையல். இடது பக்கம் தையலே கிடையாது, மேலிருந்து கீழ் வரை திறந்தே இருக்கும். நாடா மூன்று, மூன்றும் வலது விலாப் பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி. மார்புக்குப் பிடிக்கும் டாட் மடிப்பு இல்லை, லைனிங் இல்லை, கழுத்துக்குப் பட்டி இல்லை, சும்மா உருட்டி மடித்துக் கைத்தையல். தையலின் பிசிறுப் பக்கமெல்லாம் வெளியே, நல்ல பக்கம் உடம்போடு. முப்பது வருசத்தில் உள்ளை வெளியாக வைத்துத் தைத்தது அது ஒன்றுதான். கை பழக்கதோசத்தில் இரண்டு தடவை சரியாகத் தைத்து, அதாவது தப்பாகத் தைத்து, பிரித்தேன். அதே வேட்டியில் மூன்று உருப்படி வந்தது. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று கைவசம். கொப்புளம் கசியும் நாளில் ஒரு நாளைக்கு மூன்றும் போதவில்லை.

ஒரு விசயம் எனக்கு விளங்கவே நாளாயிற்று. இந்த வலியில் அழுத்தினால் வலி குறைவு, வருடினால்தான் உயிர் போகிறது. உள்ளங்கையை மெல்ல வைத்து அப்படியே பிடித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். மின்விசிறிக் காற்றில் துணி ஆடி ஆடிப் பட்டால் முடியாது. ஏனென்றால் நோவது தோல் இல்லை, நரம்பு. தொட்டதை எல்லாம் நெருப்பு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் கொப்புளம் ஈரமாக இருந்தவரை தளர்வாக விட்டேன், எல்லாம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகு நேர்மாறாகச் செய்தேன். பழைய பட்டுச் சேலையின் உடல் பகுதியிலிருந்து ஒரு பட்டை வெட்டி, மார்புக்குக் கீழே ஆடாமல் அசையாமல் படிந்திருக்கிற மாதிரி சுற்றிக்கொண்டு அதன் மேல் ஜாக்கெட் போட்டேன். வழவழப்பாக, ஒட்டினாற்போல், நகராமல் இருக்க வேண்டும். தளர்வு தளர்வு என்று அப்போதும் நைட்டியோடு திரிந்திருந்தால் கடையையே திறந்திருக்க முடியாது.

ஈரத்துணி வைப்பதை எல்லோரும் சொல்வார்கள். வைக்கிற விதம் இருக்கிறது. முதல் நாள் அவசரத்தில் பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வைத்தேன். ஒரு நிமிசம் சுகம், அப்புறம் இரட்டிப்பு வலி. ஐஸ் வேண்டாம் என்று டாக்டரம்மாவும் சொன்னார். பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி போதும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைச் சின்ன மண்சட்டியில் ஊற்றி, மூடி, ஈரச்சாக்கில் வைத்துவிடுவேன். வேட்டித் துண்டை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மேலே இருந்து மெல்லப் படிய விட வேண்டும், இழுக்கக் கூடாது. பதினைந்து இருபது நிமிசம். எடுத்து, ஒற்றி உலர விட வேண்டும். நாளைக்கு ஐந்தாறு தடவை. ஒரு தடவை வைத்த துண்டை மறுபடி வைக்காமல் தனியாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காய வைத்தாள் மகள். கொப்புளம் பொருக்குத் தட்டியதும் இதை நிறுத்திவிட்டு, வெறும் வாசலின், அரிப்புக்குக் கேலமைன் லோஷன். அவ்வளவுதான் தடவினேன்.

தடவாதவற்றின் பட்டியல் பெரிது. மஞ்சள் அரைத்துக் கொண்டு வந்தவர், பற்பசை சொன்னவர், பேனா மை சொன்னவர், வெற்றிலையில் சுண்ணாம்பு சொன்னவர் என்று கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உடைந்த கொப்புளத்தில் எதைப் பூசினாலும் சீழ் பிடிக்க வழி, சர்க்கரைக்காரிக்குக் கேட்கவே வேண்டாம். அத்தை வேப்பிலையை அரைக்கப் போனார். அரைக்க வேண்டாம், வீசுங்கள் என்றேன். வேப்பங்கொத்தால் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விசிறினார். மின்விசிறியைவிட அது எவ்வளவோ தேவலை.

அவர் சொன்னதில் முழுசாக எடுத்துக்கொண்டது வாழையிலை. அம்மை போட்டவர்களைக் குருத்து இலையில் படுக்க வைத்ததைப் பார்த்தவர். பாயிலோ போர்வையிலோ உடம்பு உரசாமல் இருக்க, கழுவித் துடைத்த இளம் வாழையிலையை விரிப்பின் மேல் போட்டார். புரண்டு படுத்தாலும் இலை வழுக்கிக்கொண்டு வரும், கசிவு ஒட்டாது, பிய்க்க வேண்டாம். நான் வலப்பக்கம் ஒருக்களித்து, இடது கைக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்துக் கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துப் படுப்பேன். கை விலாவில் இடிக்காமல் இருந்தாலே பாதி ராத்திரி கடந்துவிடும்.

விளாச்சேரிக்கும் போனோம். போகாவிட்டால் அத்தை சாப்பிட மாட்டார் போலிருந்தது. அங்கே கொலுப் பொம்மை செய்யும் வேளார் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. அத்தைக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்துக்கொண்டே கேட்டார். “மாத்திரை முழுங்குறியாத்தா?”

“ஆமாங்கய்யா, நேத்துலருந்து.”

“அத விட்றாத. ஒடஞ்சதுல நான் கை வைக்க மாட்டேன். நல்ல தோல்ல சுத்தி வேலி மட்டும் போட்டு விடுறேன்.”

கோழி இறகை நனைத்து, கொப்புளத்துக்கு இரண்டு விரல் தள்ளி, முதுகில் ஒரு உருவம் எழுதினார். சிங்கம் என்றார் அத்தை. வீட்டுக்காரர் போனில் எடுத்த போட்டோவில் எனக்கு அது நாய் மாதிரித் தெரிந்தது. இறகு போன இடமெல்லாம் குளிர்ந்து, காவி காயக் காயத் தோல் லேசாக இறுகி, ஒரு அரைமணி நேரம் நிஜமாகவே சுகமாக இருந்தது. பொய் சொல்வானேன். சாயங்காலம் எல்லாம் பழையபடி. டாக்டரம்மா அடுத்த முறை பார்த்துவிட்டுச் சிரித்தார், திட்டவில்லை. “கொப்புளத்து மேல போடாத வரைக்கும் சரி. கழுவிருங்க, எனக்குத் தோல் தெரியணும்” என்றார். அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வியை எல்லா ஊரிலும் எழுதுகிறவர்கள் கேட்டால் நன்றாக இருக்கும்.

வலி மாத்திரையில் நான் செய்த தப்பு, வலி உச்சத்துக்கு ஏறும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து அப்புறம் போட்டது. ஏறிய வலியை மாத்திரை இறக்காது. பாராசிட்டமால் 650ஐ ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று கடிகாரத்தைப் பார்த்துப் போட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. வேறு வலி மாத்திரை எதையும் கடையில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம், சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களுக்கு அவை கிட்னியில் கை வைக்கும். அதுவும் போதாமல் ராத்திரிக்குப் பிரீகாபலின் 75 கொடுத்தார் டாக்டரம்மா. இது நரம்பு வலிக்கு என்றே உள்ளது. தூக்கம் வந்தது. கூடவே கிறக்கமும் வந்தது. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போய், இருட்டில் ஜாக்கெட் மாட்டி வைக்கிற பொம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை அந்த மயக்கத்தோடு மெஷினில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறி முறிந்தது. அந்த மாத்திரை போடும் முதல் வாரத்தில் வண்டியும் ஓட்டாதீர்கள், மெஷினும் மிதிக்காதீர்கள்.

மாத்திரையும் தூக்கமும் தீர்ந்துபோன ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது? நான் ஹெம்மிங் எடுத்தேன். சேலை ஓரம் மடித்து, ஒரு சாணுக்கு இத்தனை தையல் என்று எண்ணிக்கொண்டே போவேன். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. மனசு ஒரே இடத்தில் நிற்கும்போது வலி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது. விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்ற ராத்திரி தெருவே வைகைக்குப் போய்விட்டது. தோல்பையில் தண்ணீர் பீச்சுகிறவர்கள் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஜபலாவோடு உட்கார்ந்து, மண்சட்டித் தண்ணீரை எனக்கு நானே பீச்சிக்கொண்டு பதினோரு சேலை ஓரம் அடித்து முடித்தேன். அந்த வருமானத்தில்தான் வேலசைக்ளோவிர் வாங்கியிருக்கலாமே என்று மகள் கேலி செய்தாள்.

பேரனைத் தூக்க முடியாததுதான் பெரிய கொடுமை. என் கொப்புள நீர் பட்டால் குழந்தைக்கு அக்கி வராது, சின்னம்மை வரும். அவன் தடுப்பூசிக்கு இன்னும் வயசாகவில்லை. கர்ப்பிணிகள், அம்மையே போடாதவர்கள், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் எல்லோரும் இதே கணக்கில் தள்ளி இருக்க வேண்டும். கடைசிக் கொப்புளம் காய்ந்து பொருக்காகும் வரைதான் இது. எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பத்து நாளும் கதவு நிலையில் நின்று பேசினேன். அவன் நான் தைத்த ஜபலாவில், நானும் நான் தைத்த ஜபலாவில். மகள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், யாருக்கும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் தெருப் பூக்காரம்மாவுக்கு இரண்டு வருசம் முன்பு இதே அக்கி நெற்றியில் வந்தது. மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம். அந்த நரம்புதான் கண்ணுக்கும் போகிறது, மூக்கு நுனியில் வந்தால் கண்ணுக்கும் வரலாம் என்று அர்த்தம். அவர் பற்றுப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டார். இப்போது அந்தக் கண்ணில் மங்கல்தான். முகத்தில், கண்ணோரம், காதில் வந்தால் வீட்டு வைத்தியம் என்ற பேச்சே கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இப்போது ஆவணி. தோலில் தேமல் மாதிரித் தடம் மட்டும் இருக்கிறது. வலி முழுசாகப் போகவில்லை. மூன்று மாதம் தாண்டியும் நின்றால் அதற்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், வயசு கூடக் கூட அதற்கு வாய்ப்பும் கூடுமாம். எனக்கு மார்புக்குக் கீழே பழைய ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு இடம், மழை வருவதற்கு முன்னால் சுருக் சுருக் என்கிறது. மிளகாய்க் காரத்தில் செய்த ஒரு களிம்பு கொடுத்தார்கள், கேப்சைசின். நரம்பையே காரத்தால் அலுக்க வைத்து அடங்கச் செய்கிற யோசனை. பலருக்குக் கேட்கிறதாம். நான் ஐந்து நாளில் விட்டுவிட்டேன், வேர்வையில் அது ஓடி, கை கழுவியும் கண்ணைத் தொட்டு, போதும் போதும் என்றாகிவிட்டது.

என் அக்காவுக்கு அறுபத்தொன்று. அவளை அக்கி வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இந்தியாவில் 2023இலிருந்து கிடைக்கிறது, ஐம்பது வயசுக்கு மேல், இரண்டு ஊசி, இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளி. ஆயிரக்கணக்கில் விலை. அவ்வளவு காசா என்கிறாள். அதே அக்கா போன மாதம் பேத்தி காது குத்துக்குப் பட்டுச் சேலை எடுத்தாள், அதற்கு ஜாக்கெட் நான்தான் தைத்தேன், விலைச்சீட்டைப் பார்த்தேன். எனக்கும் போட வேண்டும், ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வராது என்று இல்லை.

மிச்ச வலிக்கு இப்போது தோலை மரக்க வைக்கும் லிடோகெய்ன் மருந்துப் பட்டை ஒட்டுகிறேன். ஆறிய தோலில்தான் ஒட்ட வேண்டும், பன்னிரண்டு மணி நேரம் ஒட்டி, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துவிட வேண்டும். முழுப் பட்டை எனக்குத் தேவையில்லை, இடத்துக்குத் தகுந்த மாதிரி வெட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் ஆசையாக என் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தார். துணிக் கத்தரியில் காகிதம் வெட்டினாலே நான் சாமியாடுவேன், கோந்து ஒட்டிய பட்டையை விடுவேனா? அதற்கென்று பாத்திரக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு சின்னக் கத்தரி வாங்கித் தனியாக மாட்டி வைத்திருக்கிறேன். பழைய அட்டையில் அந்த இடத்தின் அளவுக்கு ஒரு பேட்டர்னும் வெட்டியாயிற்று. ஒரு பட்டையில் நாலு வருகிறது, சரியாகத் திருப்பிப் போட்டு வெட்டினால் ஐந்து.

ஜபலா மூன்றில் ஒன்றை அத்தை எடுத்துக்கொண்டார். வெக்கைக்கு நன்றாக இருக்கிறதாம். ஆனால் தையல் ஏன் வெளியே தெரிகிறது, உள்ளே போகிற மாதிரி ஒழுங்காகத் தைத்துக் கொடு என்று நச்சரிக்கிறார்.